கோத்தகிரியில் ஒரு அபார்த் புன்ட்டோ: வாங்குவது முதல் ரீமேப் வரை

எங்கள் வீட்டுக்கு மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் பாதை நூறு அடி இருக்கும். அதில் ஆல்டோ இறங்கும், பழைய ஜீப் இறங்கும், தேயிலை ஏற்றும் பிக்கப் ரிவர்சிலேயே இறங்கும். என் வண்டி மட்டும் முதல் வருஷம் முழுக்க மேலே டீக்கடை ஓரமாகவே நின்றது. மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்து இறங்கும்போதெல்லாம் அம்மா கேட்பார்: "வீட்டுக்கே வராத வண்டியை எதுக்குடா வாங்குன?"

அபார்த் புன்ட்டோ. 2015 அக்டோபரில் ஃபியட் இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. 1,368 சிசி டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) வைத்த பெட்ரோல் இன்ஜின், 145 பிஎச்பி, 212 என்எம் டார்க், 5 கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். அன்றைய டெல்லி ஷோரூம் விலை 9.95 லட்சம். நூறு கி.மீ. வேகத்தை 8.8 வினாடியில் தொடும் என்றார்கள், தொடுகிறது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 155 மி.மீ. 2019-ல் ஃபியட் இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. ஆக, தாழ்ந்த வண்டி, பெட்ரோல் குடிக்கும் வண்டி, கம்பெனியே கைவிட்ட வண்டி. இதை 1,793 மீட்டர் உயரத்தில், மழையும் மஞ்சும் எஸ்டேட் ரோடுமாக இருக்கும் ஊரில் வைத்துக்கொள்வது எப்படி என்பதை ஏழு வருஷத்தில் கற்றுக்கொண்டேன். எந்த வேலையை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது போலோ ஜிடிஐ ஆனாலும் ஆக்டேவியா விஆர்எஸ் ஆனாலும் இந்த வரிசை பெரிதாக மாறாது.

வண்டி வாங்கி வந்த வாரம் எங்கள் ஊர் மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏறத் தெரியுதுங்க தம்பி. இறங்கத் தெரியல." அப்போது எனக்குக் கோபம் வந்தது. நான் மனசில் போட்டு வைத்திருந்த பட்டியலில் முதலில் ரீமேப் (பவர் கூட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது), அடுத்தது சைலன்சர், அதற்கடுத்து ஸ்பிரிங். பிரேக் என்ற சொல்லே அதில் இல்லை.

படி 1: வாங்கும்போது மேட்டில் ஓட்டிப் பாருங்கள்

இந்த மாதிரி வண்டிகள் பெரும்பாலும் கோவையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோதான் கிடைக்கும். கீழே நேர்ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். குறைந்தபட்சம் ஒரு மேம்பாலமாவது தேடிப் பிடியுங்கள்.

மேட்டில் மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம். அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் எகிறி வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. டர்போ வண்டியில் கிளட்ச் தேய்ந்திருந்தால் மற்ற நேரம் தெரியாது, டார்க் முழுசாக வரும் அந்த இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மலையில் ஹாஃப் கிளட்சில் நிற்காமல் ஒரு நாளும் போகாது, அதனால் தேய்ந்த கிளட்சோடு மேலே வந்தால் ஒரு சீசன் தாங்காது.

அடுத்தது டைமிங் பெல்ட் மாற்றிய பில். வாய்ச்சொல் வேண்டாம், பில் வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் இன்ஜினைத் தனியாக இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கணக்கு வைத்து விலையைக் குறையுங்கள். நான் 60,000 கி.மீ. அல்லது 5 வருஷம், எது முன்னால் வருகிறதோ அதில் மாற்றிவிடுகிறேன். இன்னும் ஓடும் என்பவர்கள் உண்டு. ஓடட்டும்.

கடைசியாக, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். ஆயில் சம்ப் நசுங்கியிருக்கிறதா, முன் பம்பரின் கீழ் உதடு எத்தனை முறை ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே முந்தைய ஓனரின் குணம் தெரிந்துவிடும்.

படி 2: வீட்டுக்குள் வரவையுங்கள்

இது மாடிஃபிகேஷன் பட்டியலில் யாரும் எழுதாத செலவு. ரோடு சமமாக இருந்து திடீரென்று சரியும் இடத்தில் வண்டியின் நடுவயிறு தட்டும். சரிவு முடிந்து சமமாகும் இடத்தில் முன் உதடு தட்டும். வேகத்தைக் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். தட்டுவது கோணத்தால், வேகத்தால் இல்லை.

நான் செய்தது: சரிவு தொடங்கும் இடத்தில் இருந்த கூர்மையான மடிப்பை உடைத்து, நாலடி நீளத்துக்குக் கான்கிரீட்டில் வளைவாக மாற்றினேன். கீழ்முனைக்கு இரண்டு சில்வர் ஓக் பலகை. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் மரம்தான், அறுப்பு மில்லில் சல்லிசாகக் கிடைக்கிறது. இரண்டு அங்குலம் உயரம் கொடுத்தாலே உதடு தப்பிக்கிறது. மழைக்காலத்தில் பலகை மேல் பாசி பிடித்து வழுக்கும், அதனால் மேலே கோழி வலை அடித்திருக்கிறேன். வெளியே போகும்போது ஸ்பீட் பிரேக்கரைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

படி 3: பிரேக்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. அதற்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு சேர்த்து வண்டி 1,400 கிலோ என்று வைத்தால், அந்த இறக்கத்தில் வெளியேற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 2 கோடி ஜூல். கல்யாண வீட்டு அண்டாவில் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் அது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும், பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். கியரை மேலே வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் நம்பினால் மிச்சம் முழுக்க நாலு டிஸ்க்குக்குத்தான் போகும். ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்கினால் உயரம் 1,900 மீட்டர், கணக்கு இன்னும் மோசம்.

எனக்கு நடந்தது இதுதான். வாங்கிய மூன்றாவது மாதம், நாலு பேர், மூன்றாவது கியர், நல்ல வேகம். குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. வண்டி நின்றது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் பேசவில்லை.

பெடல் பஞ்சாவதற்குக் காரணம் பிரேக் ஆயில் கொதிப்பது. புதிய டாட் 4 ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சாதி. ஈரம் ஏறிய பிறகு அளவு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும், ஆவி அழுங்கும், கால் உள்ளே போகும். வருஷத்தில் பாதி நாள் மஞ்சுக்குள் இருக்கும் ஊரில் அந்த ஈரம் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கம்பெனி புத்தகம் இரண்டு வருஷம் சொன்னாலும் இங்கே வருஷா வருஷம் மாற்ற வேண்டும். நான் சீசனுக்கு முன்னால், மார்ச்சில் மாற்றுகிறேன்.

வேலையின் வரிசை இப்படி:

முதலில் ஆயில். டாட் 5.1 ஊற்றலாம், அதன் கொதிநிலை புதிதில் 260, ஈரம் ஏறிய பின் 180. டாட் 4 உடன் கலந்தாலும் தவறில்லை. ஆனால் டாட் 5 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது சிலிக்கான், இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரே குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஹோஸ். பத்து வருஷ ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும். ஸ்டீல் பின்னிய ஹோஸ் போட்டால் பெடல் கெட்டியாகும். அது இல்லையென்றாலும் புதிய ரப்பர் ஹோஸ் கட்டாயம்.

மூன்றாவது பேட், அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரேஸ் பேட் என்று விற்பவை சூடேறினால்தான் பிடிக்கும். கோத்தகிரியில் ஜனவரி காலை எட்டு டிகிரியில் வண்டியை எடுத்து, முதல் வளைவில் மிதித்தால் பிடிக்காது. நமக்கு வேண்டியது குளிரிலும் பிடித்து, இறக்கத்தின் சூட்டையும் தாங்கும், வேக வண்டிகளுக்கான ரோடு பேட். பேக்கெட்டில் வெப்ப அளவு போட்டிருப்பார்கள், மேல் எண்ணை மட்டும் பார்க்காமல் கீழ் எண்ணையும் பாருங்கள்.

பேட் மாற்றிய அன்றே மலை இறங்க வேண்டாம். மேட்டுப்பாளையம் தாண்டிய நேர்ரோட்டில், விடிகாலையில், 60-லிருந்து 10 கி.மீ.க்கு எட்டுப் பத்து முறை அழுத்திக் குறையுங்கள். முழுசாக நிறுத்தக் கூடாது. சூடான பேட் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டால் பிற்பாடு ஸ்டியரிங் உதறும். பிறகு பத்து நிமிஷம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள்.

இன்னொன்று, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வேலை செய்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 23 சதவீதம் குறைவு. அந்த அளவுக்குப் பூஸ்டர் தரும் உதவியும் குறையும். மேலே பெடல் கொஞ்சம் கனமாக இருப்பது உங்கள் பிரமை இல்லை. இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் இறக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் நாலைந்து மிதியில் பூஸ்டர் உதவி தீர்ந்துவிடும்.

ஓட்டும் முறை எளிது. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று ரோட்டோரப் போர்டிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கியரில் 3,500 ஆர்பிஎம் சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாதபோது இன்ஜினுக்குப் பெட்ரோலே போவதில்லை. வளைவுக்கு முன் ஒரே அழுத்தாக அழுத்தி, விட்டுவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பேட்டைக் கொல்லும். எதிரே பஸ் ஏறி வந்தால் இறங்குகிற நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டும், அது சட்டமும்கூட.

கல்லட்டிப் பாதையைப் பற்றி ஒரு வரி. 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. நமக்கு டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) நம்பர் இருப்பதால் விடுவார்கள். விடுகிறார்கள் என்பதற்காக 155 மி.மீ. வண்டியில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

படி 4: டயர்

கம்பெனி அளவு 195/55 ஆர்16. பலர் 205/50 போடுகிறார்கள், அகலம் கூடும், ஆனால் டயர் விட்டம் ஒன்பது மி.மீ. குறைந்து வண்டி ஐந்து மி.மீ. தாழ்ந்துவிடும். நமக்கு அந்த ஐந்து மி.மீ. பொன். 205/55 போட்டால் விட்டம் 11 மி.மீ. கூடுகிறது, வண்டி ஐந்தரை மி.மீ. உயர்கிறது. ஸ்பீடோமீட்டர் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகவே பிசகும். வாங்கும் முன் ஒரு டயரை மட்டும் மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, சக்கர வளைவில் உரசுகிறதா என்று பாருங்கள்.

கோடு மிச்சம் இருக்கிறது என்று டயரை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். கேத்தி பாலாடா பக்கம் கேரட் வண்டிகள் விட்டுப்போகும் சேறு, மழை, சில்வர் ஓக் சருகு மூன்றும் சேர்ந்த வளைவில் பாதி தேய்ந்த டயர் சோப்பு மாதிரி போகும். நான் 3 மி.மீ.யில் மாற்றுகிறேன்.

காற்று விஷயத்தில் ஒரு வேடிக்கை. மேட்டுப்பாளையத்தில் 32 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஊட்டி ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் 3 பிஎஸ்ஐ போலக் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் மேலே 15 டிகிரி குளிர் அதிகம், அது இரண்டரை பிஎஸ்ஐ போலக் குறைத்துவிடுகிறது. ஒன்றை ஒன்று தின்றுவிடுவதால் மலைக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே குளிரில் அடித்துக்கொண்டு பகல் வெயிலில் கீழே போகும்போதும் ஏறக்குறைய இப்படித்தான்.

படி 5: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்

தாழ்த்த வேண்டாம். அவ்வளவுதான். கம்பெனியே சாதாரண புன்ட்டோவைவிடத் தாழ்த்திக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் மவுண்ட் மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். பழைய புஷ்ஷோடு ஓட்டியவர்களுக்கு மாற்றிய அன்று வேறு வண்டி மாதிரி இருக்கும். ஒரு சம்ப் கார்டு போடுங்கள், ஆனால் காற்றுப் போக ஓட்டை உள்ளதாக. அலைன்மென்ட்டை மேலே செய்யாமல் கீழே சமதரையில் செய்துகொண்டு வருவது நல்லது.

படி 6: ஆயில், தண்ணீர், பெட்ரோல்

டர்போ ஏறி வந்த சூட்டோடு வீட்டு வாசலில் சட்டென்று ஆஃப் செய்தால், நின்றுபோன ஆயில் டர்போ ஷாஃப்டில் கருகும். கடைசி ஒரு கி.மீ. மெதுவாக வாருங்கள். தனியாக டர்போ டைமர் எல்லாம் வேண்டியதில்லை, ஊர்க்கடையில் பால் வாங்க நிறுத்தும் நேரத்தில் ஒரு நிமிஷம் ஐடிலில் ஓடினாலே போதும். முழு சிந்தடிக் 5டபிள்யூ-40 ஆயில், 7,500 கி.மீ.க்கு ஒரு முறை.

குளிர்காலத்தில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கும். என்னிடம் ஒருவர் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லி இன்ஜினை இறக்கப் பார்த்தார். கோத்தகிரிக்குள்ளேயே இரண்டு இரண்டு கி.மீ. ஓட்டுவதால் இன்ஜின் முழுசாகச் சூடேறாமல், உள்ளே வியர்க்கும் ஈரம் ஆயிலோடு கலந்து வருவது அது. கூலன்ட் குறையவில்லை, புகை வெள்ளையாக இல்லை என்றால், ஒருமுறை கோவை வரை போய்வாருங்கள். காணாமல் போய்விடும்.

கூலன்ட்டில் வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதற்கு இங்கே கூடுதல் காரணம் உண்டு. ஊட்டி உயரத்தில் திறந்த தண்ணீர் 93 டிகிரிக்குள் கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்துக் காப்பாற்றுகிறது, மூடியின் ரப்பர் போனால் காப்பாற்றாது. மூடி மலிவான பாகம், இரண்டு வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். தலைகுந்தா, காந்தல் பக்கம் இரவில் வண்டி நிறுத்துபவர்களுக்கு உறைபனி வேறு இருக்கிறது, பாதிக்குப் பாதி கூலன்ட் கட்டாயம்.

பெட்ரோலில் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்த பிறகு ஆக்டேன் கவலை குறைந்தது, ரப்பர் கவலை கூடியது. பழைய ஃப்யூயல் ஹோஸை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் அன்றைக்கே பாருங்கள். மைலேஜ் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஏறும்போது ஏழு வந்தால் சந்தோஷப்படுவேன்.

படி 7: இப்போது ரீமேப்

கோவையில் இதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் ரேஸ் டிராக் இருக்கும் ஊர், நரேன் கார்த்திகேயன் ஊர். அதில் குறைவில்லை. சிக்கல் வேறு: கோவை 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாம் 1,800-ல் இருக்கிறோம்.

டர்போ இல்லாத வண்டி மலை ஏறினால் காற்றுக் குறைவுக்கு ஏற்ப மூச்சு வாங்கும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல பவர் போகும். டர்போ வண்டியில் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) அப்படி விடாது. குறிவைத்த அழுத்தம் வரும் வரை டர்போவை இன்னும் வேகமாகச் சுற்ற வைக்கும். அதனால்தான் ஊட்டி ரோட்டில் 1.2 லிட்டர் வண்டிகள் திணறும் இடத்தில் இது சிரித்துக்கொண்டு ஏறுகிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு விலை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜினுக்குள் மொத்தம் 2 பார் அழுத்தம் வேண்டும் என்றால், கடல் மட்டத்தில் டர்போ காற்றை இரண்டு மடங்காக அமுக்கினால் போதும். கோத்தகிரியில் வெளியே இருப்பதே 0.81 பார்தான், அதனால் இரண்டரை மடங்கு அமுக்க வேண்டும். ஊட்டியில் 2.6. அமுக்க அமுக்கக் காற்று சூடாகிறது, டர்போவின் சுழல்வேகம் எல்லையை நெருங்குகிறது. கோவையில் டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) 180 பிஎச்பி காட்டிய அதே மேப், மேலே டர்போவின் ஆயுளைத் தின்னும்.

ஆகவே ரீமேப்புக்குப் போகும்போது முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்: "வண்டி மேலே ஓடுறதுங்க." புரிந்துகொள்ளாத டியூனரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். புரிந்தவர் செய்யும் வேலை இதுதான்: வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்போது பூஸ்ட் குறியும் (டர்போ எட்ட வேண்டிய அழுத்தம்) படிப்படியாக இறங்கும்படி அட்டவணையை மாற்றுவார். அதை ஒரு பகலில் கீழேயே முடித்துக்கொள்ள முடியாது. லேப்டாப்போடு மேலே ஒரு முறை ஏறி, பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் வெப்பம், வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகும் புகையைத் திருப்பிவிடும் கதவு) எவ்வளவு திறக்கிறது, நாக் (இன்ஜினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் தட்டல்) வரும்போது இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது, இந்த நாலையும் பதிவு செய்து பார்க்க வேண்டும். வேஸ்ட்கேட் கட்டுப்பாடு உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் டர்போவிடம் மிச்சம் எதுவும் இல்லை என்று பொருள், குறியை இறக்கச் சொல்லுங்கள்.

என் வண்டிக்கு நான் கேட்டது உச்ச பவர் இல்லை. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இந்த இன்ஜின் தூங்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியர் 1,500-ல் நிற்கும்போது ஒன்றுமே வராது, திடீரென்று எல்லாம் வரும். அந்த இடத்தை மட்டும் மென்மையாக்கித் தரச் சொன்னேன். டைனோ பேப்பரில் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து வாந்தி எடுக்காமல் அரவேணு வரை வருகிறார்.

டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கலாம், ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த பிறகு உதவும். திறந்த ஏர் ஃபில்டர் வேண்டாம், இன்ஜின் சூட்டையும் மஞ்சையும் சேர்த்து இழுக்கும், சத்தம் மட்டும்தான் லாபம்.

படி 8: சைலன்சரும் சட்டமும்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்தம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். கேடலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது இரண்டாவது வகை. பேட், பிரேக் ஆயில், புஷ், கம்பெனி அளவு டயர் இவையெல்லாம் பராமரிப்பு, யாரும் கேட்கப்போவதில்லை. ரீமேப் என்றால் இன்ஷூரன்ஸ்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கூடும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால் க்ளெய்ம் தள்ளுபடியாக அதுவே காரணமாகும்.

சைலன்சரை நான் தொடவில்லை. சட்டம் ஒரு காரணம். குஞ்சப்பனையில் யானையும் ஊருக்குள்ளே காட்டெருமையும் கரடியும் நடமாடும் ரோட்டில் இரவு வெடிச்சத்தத்தோடு போவது முட்டாள்தனம் என்பது இன்னொன்று. வளைவு திரும்பியதும் காட்டெருமை நின்றால் லைட்டை டிம் செய்து, ஹாரன் அடிக்காமல், பின்னால் போக இடம் வைத்து நிறுத்துங்கள். அது போகும்.

முழு வேகத்தில் ஓட்ட ஆசையிருந்தால் செட்டிபாளையம் டிராக்கில் டிராக் டே வரும்போது போங்கள். வண்டியின் நிஜமான குறைகள் அங்கே அரைமணியில் தெரிந்துவிடும்.

படி 9: அன்றாடம்

மே சீசனில் ஊட்டிக்குக் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். அதாவது இறங்கும் கூட்டம் முழுக்க நம் வாசல் வழியாகப் போகும், எல்லோருடைய பிரேக்கும் நாறும். அந்த ஒரு மாதம் நான் பைக்கில்தான் போகிறேன். 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், டிஎன் 43 வண்டிகளுக்கு வேண்டாம். வேறு ஊர் நம்பரில் வாங்கியவர்கள் மறு பதிவைத் தள்ளிப்போடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரியை அடிக்கும், தென்மேற்கு கூடலூர் பக்கம். நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிவு, விழுந்த மரம், ரோட்டில் கல். அந்த மாதங்களில் இரவுப் பயணம் தவிர்க்கலாம். மஞ்சில் ஹை பீம் போட்டால் முகத்துக்கு நேரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்வாகப் பொருத்திய மஞ்சள் ஃபாக் லைட்டும், கண்ணாடிக்கு ஏசியும் ஹீட்டரும் சேர்த்துப் போடுவதும் உதவும்.

சரிவில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல், கியரில் போட்டு, சக்கரத்தை ஓரத்துக் கல் பக்கம் திருப்பி, ஒரு முட்டும் வையுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்காதீர்கள், உள்ளே பூஞ்சை பிடித்து சீட்டெல்லாம் வெள்ளையாகிவிடும். எலி ஒயரைக் கடிக்கும். நான் எத்தனையோ வைத்தியம் பார்த்துவிட்டேன். வாரத்துக்கு இரண்டு முறை பானெட்டைத் திறந்து வைப்பது ஒன்றுதான் ஓரளவு வேலை செய்கிறது, இடம் கதகதப்பாகவும் இருட்டாகவும் இல்லையென்றால் அது கூடு கட்டாது.

படி 10: பாகங்கள்

ஃபியட் போனாலும் ஜீப் விற்பவர்கள் வழியாகச் சில பாகங்கள் வருகின்றன. லீனியா டி-ஜெட்டிலும் இதே இன்ஜின் குடும்பம்தான் என்பதால் அந்த வண்டி உடைப்புக்கு வருகிறதா என்று கோவை பழைய இரும்புக் கடைகளில் சொல்லி வையுங்கள். இன்ஜின் பாகம் கிடைக்கும். கிடைக்காதது முன் பம்பரும் ஹெட்லைட்டும். நல்ல நிலையில் ஒரு பம்பர் கண்ணில் பட்டால் தேவை வரும் வரை காத்திருக்காமல் வாங்கிப் பரணில் போடுங்கள். என் வீட்டுப் பரணில் இரண்டு இருக்கின்றன. அம்மா அதன் மேல்தான் வெங்காயம் காயப் போடுகிறார்.

டிக்கியில் நான் எப்போதும் வைத்திருப்பது: ஸ்பேர் வீல், நல்ல ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு பலகை, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், கலந்து வைத்த கூலன்ட், ஒரு ஆல்டர்னேட்டர் பெல்ட், டோ ஹூக், டார்ச், ரெயின்கோட், சரிவில் முட்டு வைக்க இரண்டு சில்வர் ஓக் கட்டை. கூடவே மெக்கானிக் அண்ணனின் நம்பர் எழுதிய அட்டை ஒன்று. குஞ்சப்பனைக்குக் கீழே சில வளைவுகளில் போனில் டவர் கிடைக்காது, டவர் இருக்கும் இடத்துக்குப் போகும் வண்டிக்காரரிடம் அந்த அட்டையைக் கொடுத்துவிடலாம்.